நாற்காலியை உள்ளே போடுங்கள்

ஆட்டிச நிலையில் உள்ள மழலையருக்கு ஆரம்பநிலைப் பயிற்சி அளிக்கும் தெரபிஸ்டுகளுக்கும், பயிற்சி மையங்களை நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். 32 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன். என் மகள்வழிப் பேரனுக்கு இரண்டரை வயதில் ஆட்டிசம் என்று உறுதிப்படுத்தினார்கள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். எனவே வாரம் இரண்டு முறை அவனைப் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விரும்பித்தான் ஏற்றுக்கொண்டேன். 11 மாதங்கள் போய்வந்தேன். அந்த 11 மாதங்களில் நான் மிக நெருக்கமாக அறிந்துகொண்டது ஒரு கதவை.

பழுப்பு நிறக் கதவு. கண் மட்டத்தில் ஒரு தாள்: 'பெற்றோருக்கு அனுமதி இல்லை.' தாளின் மூன்று மூலைகள் ஒட்டியிருக்கும். நான்காவது மூலை மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டே இருக்கும். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளே பேரன் அழுவது கேட்கும். பிறகு அழுகை நிற்கும். அது ஏன் வந்தது, எப்படி நின்றது என்பது எனக்குத் தெரியாது. 45 நிமிடம் முடிந்ததும் கதவு ஒரு சாண் திறக்கும். குழந்தை வெளியே வருவான். பின்னாலேயே ஒரு குரல் வரும்: "இன்று நன்றாகச் செய்தான்." என்ன செய்தான் என்று கேட்பதற்குள் அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

யார்மீதும் புகார் எழுத உட்காரவில்லை. அந்த மையத்தில் வேலை செய்தவர்கள் நல்லவர்கள், களைத்தவர்கள். ஒருவர் பின் ஒருவராக நாள் முழுவதும் குழந்தைகளைப் பார்ப்பவர்களுக்கு வாசலில் நின்று பேச நேரம் கிடையாது என்பது எனக்குப் புரிகிறது. நான் பேச வந்தது அந்தக் கதவைப் பற்றி மட்டும்தான். பிற்பாடு மற்றக் குடும்பங்களிடம் பேசியபோது, அது ஒரு மையத்தின் கதவல்ல என்று தெரிந்தது.

கணக்கு வாத்தியார் என்பதால் முதலில் ஒரு கணக்கு. வாரம் இரண்டு முறை, முறைக்கு 45 நிமிடம். ஆக ஒன்றரை மணி நேரம். மூன்று வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு 12 மணி நேரம் விழித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 84 மணி. 84இல் ஒன்றரை என்பது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மீதி 98 பங்கும் குழந்தை எங்களோடு கழிக்கிற நேரம்: குளிக்கும்போது, உடை மாற்றும்போது, படியேறும்போது, எதுவும் செய்யாமல் தரையில் கிடக்கும்போது. அந்த 98 பங்குக்குச் சொந்தக்காரர்களைக் கதவுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, இரண்டு பங்கில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இந்தக் கதவுக்கு ஒரு வரலாறு உண்டு. உங்களில் பலருக்கு அது தெரிந்திருக்கும். ஆனாலும், அது நினைவில் இருக்கிறவர்கள் இப்படி ஒரு தாளைக் கதவில் ஒட்டுவார்களா என்பது என் சந்தேகம்.

1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து எழுதிய கட்டுரையோடு ஆட்டிசம் மருத்துவ உலகின் பேச்சுக்கு வந்தது. அந்தக் கட்டுரையிலேயே பெற்றோரின் 'குளிர்ந்த' இயல்பைப் பற்றிய குறிப்புகள் இருந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தக் குறிப்பு வளர்ந்து ஒரு குற்றச்சாட்டாகவே ஆயிற்று. தாயிடம் பாசம் இல்லை, அதனால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்றார்கள். இந்தக் கருத்தை ஊரறியப் பரப்பியவர் சிகாகோவில் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதுதான் அவருக்குச் சிகிச்சை. எத்தனை தாய்மார்கள் இதை நம்பித் தங்களையே நொந்துகொண்டு செத்தார்களோ தெரியாது.

அந்தக் கோட்டையில் முதலில் ஓட்டை போட்டவர்களில் ஒருவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆட்டிச நிலையில் இருந்த ஒரு மகனின் தந்தை. ஆட்டிசத்தின் வேர் உடலியலிலும் நரம்பு மண்டலத்திலும் இருக்கிறது என்று 1964இல் வாதாடினார். அடுத்து வந்தவர் எரிக் ஷோப்லர். பெட்டல்ஹைம் கற்பித்த சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே படித்தவர், அங்கே கேட்டதை ஏற்க மறுத்து வெளியேறியவர். பெற்றோரைப் பலியாடுகளாக்குகிறார்கள் என்று 1971இல் எழுதினார். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆட்டிச நிலைப் பிள்ளைகளுக்காக 'டீச்' என்ற திட்டத்தை உருவாக்கினார். 1972இல் அது மாநிலம் தழுவிய திட்டமாயிற்று. அவர் செய்த புரட்சி ஒரு கண்ணாடியில் இருந்தது. தெரபிஸ்ட் குழந்தையோடு வேலை செய்வதைப் பெற்றோர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். பிறகு பெற்றோர் செய்து காட்ட, தெரபிஸ்ட் பார்ப்பார். பெற்றோரை 'உடன் சிகிச்சையாளர்கள்' என்று அழைத்தவர் அவர்.

ஷோப்லர் கண்ணாடி வைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் யாரும் பெட்டல்ஹைமை நம்புகிறவர்கள் அல்லர். ஆனால் அவருடைய கதவு மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்து எனக்கு எதிரே வந்து நின்றது.

கதவுக்குள் நடந்தது வீட்டுக்கு வரவில்லை என்பதற்கு ஓர் உதாரணம். ஆறாம் மாதத்தில் ஓர் அறிக்கை தந்தார்கள். '20 படங்களுக்குப் பெயர் சொல்கிறான்' என்று அதில் இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் கால் தரையில் பாவவில்லை. பந்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். பந்து இருக்கிற திசையைக்கூட அவன் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பந்து உருண்டு போய்விட்டால், அழுவானே தவிர 'பந்து' என்று சொல்லமாட்டான். அந்த அறையில், அந்த மேசையில், அந்த அட்டையில் இருந்த பந்துக்குத்தான் 'பந்து' என்று பெயர். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாக வந்து சேராது என்பது ஆட்டிசத்தில் எல்லாரும் அறிந்த சங்கதி. அறிந்தே ஏன் ஓர் அறைக்குள் மட்டும் கற்றுத்தருகிறீர்கள்?

எட்டாவது மாதம் வழக்கமான தெரபிஸ்ட் மூன்று வாரம் விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக ஓர் இளம்பெண் வந்தார். வயது இருபத்தைந்துகூட இராது. முதல் நாளே கதவை முழுதாகத் திறந்து, "தாத்தா, நீங்களும் உள்ளே வாருங்கள்" என்றார். தாளில் எழுதியிருந்ததை நான் கை காட்டினேன். அவர் சிரித்துவிட்டு ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தால், அவர் ஒன்றுமே செய்யவில்லை! பேரன் ஒரு பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு அதன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவரும் தரையில் உட்கார்ந்து இன்னொரு காரைக் கவிழ்த்து அதன் சக்கரத்தைச் சுற்றினார். பேசவில்லை. நான்கு நிமிடம் போயிருக்கும். இதற்கா பணம் கட்டுகிறோம் என்றுகூட நினைத்தேன். அப்போது பேரன் தன் சக்கரத்தை நிறுத்தினான். அவருடைய சக்கரத்தைப் பார்த்தான். அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவன் தன் காரை இரண்டு அங்குலம் அவர் பக்கம் தள்ளினான். "சுத்து" என்றார் அவர், ஒரே ஒரு சொல். சக்கரம் சுற்றியது. அவன் சிரித்தான். அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டு மாதங்களில் எனக்குக் கேட்காத சிரிப்பு அது.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் நானும் பேரனும் விளையாடுவதை மூன்று நிமிடம் கைப்பேசியில் படம் எடுத்துவரச் சொன்னார். மகள் எடுத்துத் தந்தாள். நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். அவர் அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டார். நானோ எண்ணிக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். மூன்று நிமிடத்தில் நான் 31 கேள்விகள் கேட்டிருந்தேன். இது என்ன? என்ன நிறம்? இது எத்தனை? தாத்தாவைப் பார், இது என்ன? ஒன்றுக்கும் அவன் பதில் சொல்லவில்லை. சராசரியாக ஆறு விநாடிக்கு ஒரு கேள்வி என்றால், பதில் சொல்லத்தான் எங்கே இடம்?

அது பெரிதல்ல. அந்தப் படத்தில் இரண்டு முறை அவன் ஒரு டப்பாவின் மூடியை என் முழங்காலில் கொண்டுவந்து வைக்கிறான். இரண்டு முறையும் நான் அதைக் கவனிக்கவே இல்லை. வேறு எதையோ சுட்டிக்காட்டி நிறம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது முறை மூடி நழுவிக் கீழே விழுகிறது. அவன் திரும்பிக்கொள்கிறான். எங்கள் வீட்டில் எல்லாரும் 'இவன் யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தப் பெண் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மூடியை எதற்கு உங்கள் முழங்காலில் வைத்தான் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பிறகு சொன்னார்: "கேள்வியைக் குறையுங்கள். அவன் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். அவன் ஏதாவது செய்தால் மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அப்புறம் ஒரு சொல் சொல்லுங்கள்." பத்து எண்ணுவது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு முறை முயன்று பாருங்கள். வகுப்பறையில் மௌனத்தைப் பொறுக்காத எனக்கு அது தவமாகவே இருந்தது. ஒன்பதாம் நாள் பேரன் அதே மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது விழுந்ததும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். நான் சுழற்றினேன்.

மூன்று வாரம் முடிந்தது. கதவு மறுபடியும் மூடிக்கொண்டது. நிர்வாகத்திடம் போய்க் கேட்டேன். "விதி அப்படி, ஐயா" என்றார்கள்.

இது ஒரு தாத்தாவின் நெகிழ்ச்சிக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே ஓர் உதாரணத்தை வைத்துத் தேற்றம் எழுதக் கூடாது என்று மாணவர்களைக் கண்டித்தவன் நான். எனவே, அந்தப் பெண் எனக்குக் கற்றுத்தந்தது அவருடைய சொந்தச் சரக்கா, அல்லது அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் படித்தேன். இருக்கிறது.

இங்கிலாந்தில் ஜோனதன் கிரீன் தலைமையிலான குழு 'பாக்ட்' என்ற முறையை 152 மழலையரிடம் சோதித்து 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. இரண்டு வயது முதல் ஐந்து வயதுக்குள் இருந்த குழந்தைகள். முறை என்ன? பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுப்பது, தெரபிஸ்டும் பெற்றோரும் சேர்ந்து அதைப் பார்ப்பது, குழந்தையின் சின்னச் சின்ன முயற்சிகளைப் பெற்றோர் கண்டுகொள்ளப் பழக்குவது. என் மூடிக் கதையேதான். அந்த ஆய்வு உடனே அற்புதம் எதையும் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுக்கும் விதம் தெளிவாக மேம்பட்டது. ஆட்டிசக் கூறுகளின் அளவில் பெரிய வேறுபாடு அப்போது தெரியவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளில் 121 பேரை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். 2016இல் வந்த அந்த முடிவில், பயிற்சி பெற்ற குழுவில் அக்கூறுகளின் கடுமை குறைவாக இருந்தது. பயிற்சி நின்று ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு! தெரபிஸ்ட் போய்விட்டார், பெற்றோர் போகவில்லை. எனக்குத் தோன்றும் விளக்கம் இவ்வளவுதான்.

அதே முறையைக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் தகுந்த மாற்றங்களோடு செய்து பார்த்தார்கள். அதுவும் 2016இல் வெளியானது. அங்கே பயிற்சி தந்தவர்கள் இத்துறையின் நிபுணர்கள்கூட அல்லர், பயிற்றுவிக்கப்பட்ட சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். அப்போதும் பெற்றோர் குழந்தைக்கு இசைந்து நடப்பது கூடியது. குழந்தை தானாகப் பெற்றோரை நாடி வருவதும் கூடியது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் பராமரிப்பாளர் திறன் பயிற்சியும் இதே வழிதான்: இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளின் குடும்பத்தினருக்கு ஒன்பது குழு அமர்வுகள், மூன்று வீட்டு வருகைகள். சாலி ரோஜர்ஸும் ஜெரால்டின் டாசனும் உருவாக்கிய 'டென்வர்' என்ற ஆரம்பநிலைப் பயிற்சி முறையை 18 முதல் 30 மாதக் குழந்தைகள் 48 பேரிடம் சோதித்த 2010ஆம் ஆண்டு ஆய்விலும், தெரபிஸ்டுகளின் நேரத்தோடு பெற்றோர் வீட்டில் செய்த நேரமும் சேர்ந்தே இருந்தது.

மணிக்கணக்கைப் பற்றியும் பேசியாக வேண்டும். நீங்கள் விற்பது அதைத்தானே. 'வாரம் 40 மணி நேரம் தந்தால் பாதிப் பிள்ளைகள் சரியாகிவிடுவார்கள்' என்ற பேச்சு இன்னும் காற்றில் இருக்கிறது. அதன் ஊற்று உளவியலாளர் இவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு. தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான பள்ளி வகுப்பை முடித்தார்கள் என்றது அது. குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதையும், அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன என்பதையும் விளம்பரங்கள் சொல்வதில்லை. 2024இல் ஜாமா குழந்தை மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 144 ஆய்வுகளையும் 9,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டது: மணி நேரம் கூடினால் பலன் கூடுகிறதா? கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. இதனால் எல்லாக் குழந்தைக்கும் குறைந்த நேரமே போதும் என்று ஆகிவிடாது. ஒரு குடும்பத்திடம் கடன் வாங்கியாவது மணி நேரத்தைக் கூட்டச் சொல்வதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்றாவது ஆகும்.

நீங்கள் என்ன மறுமொழி சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவைதான்.

பெற்றோர் உள்ளே இருந்தால் குழந்தை ஒத்துழைப்பதில்லை என்பீர்கள். சில குழந்தைகள் விஷயத்தில் உண்மைதான். அம்மா இருக்கும்போது ஒன்றையும் செய்யாத பிள்ளை வீட்டிலும் செய்யாது, வீட்டில் அம்மா இருப்பாரே! அந்தச் சிக்கலையும் சேர்த்துத் தீர்ப்பதுதானே வேலை? முடியாத நாளில் ஷோப்லரின் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடிக்கு வசதி இல்லையென்றால் ஐந்து நிமிட வீடியோ இருக்கிறது.

பெற்றோர் குறுக்கே பேசுவார்கள் என்பீர்கள். ஆமாம். 31 கேள்வி கேட்பார்கள். திருத்துங்கள்.

நேரமில்லை என்பீர்கள். இங்கேதான் நான் கொஞ்சம் தயங்குகிறேன். ஒரு தெரபிஸ்டுக்கு இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து நேரம் ஒதுக்குவது நிர்வாகத்தின் முடிவு. உள்ளே தரையில் உட்கார்ந்திருப்பவரின் முடிவல்ல. எனவே இந்த வரியை மையங்களை நடத்துவோர் தங்களுக்கு எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள். 45 நிமிடத்தில் பத்து நிமிடத்தைக் குடும்பத்துக்கு ஒதுக்குவது குழந்தையிடமிருந்து பிடுங்குவதாகாது.

நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு என்று நினைக்கிறேன். உள்ளே நடப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் இவர்கள் நாளைக்கு வராமல் போய்விடுவார்களோ என்ற பயம். என் 32 ஆண்டு அனுபவத்தில், நன்றாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரை விட்டு ஓடியவரை நான் பார்த்ததில்லை. அப்படியே வராமல் நின்றுவிட்டாலும், ஒரு குடும்பம் உங்களைச் சார்ந்திராமல் போவது உங்கள் வெற்றிக் கணக்கில் எழுத வேண்டியது.

இவ்வளவு சொன்னவன், எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லாவிட்டால் என் மகள் என்னை மன்னிக்கமாட்டாள். கதவைத் திறங்கள் என்றால், எங்களைச் சம்பளமில்லாத உதவியாளர்களாக்குங்கள் என்று பொருளல்ல. சில மையங்கள் இப்போது பெற்றோரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்ற பெயரில் ஒரு தடித்த கோப்பைக் கையில் தருகின்றன. காலையில் இத்தனை முறை இது, மாலையில் இத்தனை முறை அது, கட்டம் போட்டுக் குறித்து வர வேண்டும். குறிக்காவிட்டால், "வீட்டில் நீங்கள் செய்வதில்லை, அதனால்தான் முன்னேற்றம் இல்லை." அந்தச் சொல் பெரும்பாலும் யாருடைய காதில் விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? தாயின் காதில். பெட்டல்ஹைமின் 'பாசமற்ற தாய்' இப்படித்தான் 'பயிற்சி செய்யாத தாயாக' வேடம் மாற்றி வருகிறாள். வேலையிலிருந்து வந்து இரவு ஒன்பது மணிக்குக் கட்டம் நிரப்பும் என் மகளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

அந்த இளம்பெண் கோப்பு எதுவும் தரவில்லை. எப்படியும் குளிப்பாட்டப் போகிறீர்கள், அப்போது தண்ணீரை மொண்டு கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நிறுத்துங்கள் என்றார். சட்டையைத் தலையில் மாட்டிவிட்டுக் காத்திருங்கள், கையை அவன் நுழைக்கட்டும் என்றார். புதிதாக நேரம் எதுவும் கேட்கவில்லை. இருக்கிற நேரத்திலேயே இடம் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதற்கு ஒரு குடும்பத்தின் நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிய வேண்டுமானால் எங்களிடம் கேட்க வேண்டும்.

கதவு திறந்திருந்தால் தாமாகவே சரியாகக்கூடிய வேறு சிலவும் உண்டு. வீட்டு மொழியை விட்டுவிட்டுக் குழந்தையிடம் ஒரே மொழியில், அதுவும் பள்ளி மொழியில், பேசச் சொல்லும் வழக்கம் அவற்றில் ஒன்று. இரு மொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிச நிலைக் குழந்தைகளுக்குப் பேச்சு மேலும் தாமதமாகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. என் மனைவிக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் வராது. எங்களுக்கும் அந்த அறிவுரை வந்தபோது அவள் பேரனிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். நான்கு மாதம். இதற்கு யார் பொறுப்பு?

படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயமும் அப்படியே. படம், சைகை, கருவி எதுவானாலும் மாற்றுவழித் தொடர்பு பேச்சைத் தடுப்பதில்லை என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த முடிவு. பேச்சு வரும்வரை பிள்ளை வாயடைத்து நிற்க வேண்டுமா?

இலக்குகளையும் எங்களோடு கலந்து எழுதுங்கள். என் பேரனின் முதல் அறிக்கையில் 'ஐந்து விநாடி கண்ணைப் பார்ப்பான்', 'கையை உதறுவதைக் குறைப்பான்' என்று இரண்டு வரிகள் இருந்தன. மகிழ்ச்சி வந்தால் கையை உதறுகிறான். அதனால் யாருக்கு என்ன நட்டம்? வளர்ந்த ஆட்டிச நிலையாளர்கள் இதைப் பற்றி எத்தனையோ சொல்லிவிட்டார்கள். கண்ணைப் பார்க்க வற்புறுத்தினால் காது வேலை செய்யாது என்கிறார்கள். புரிதல் சிக்கல் ஆட்டிச நிலையாளரின் பக்கம் மட்டும் இல்லை, மற்றவர்களும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை என்று 2012இல் எழுதிய டேமியன் மில்டன், தாமே ஆட்டிச நிலையாளர். மூடியை முழங்காலில் வைத்தவனுக்கா தொடர்பு தெரியவில்லை, எனக்கா? எங்களைக் கேட்டிருந்தால் நாங்கள் வேறு வரிகளை எழுதியிருப்போம்: வலித்தால் காட்டத் தெரிய வேண்டும். வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். சாலையில் கையை விடாமல் வர வேண்டும்.

காத்திருப்புப் பட்டியலில் உள்ள குடும்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 16 முதல் 30 மாதத்துக்குள் ஆட்டிசம் இருக்கக்கூடுமா என்பதை 20 கேள்விகளால் இனங்காண 'எம்-சாட்' கேள்வித்தாள் போன்ற வழிகள் இருக்கின்றன. இரண்டு வயதுவாக்கில் அனுபவமுள்ளவர்களால் நம்பகமாக உறுதிசெய்யவும் முடிகிறது. ஆனால் அதன்பின் உங்கள் வாசலை அடைய மாதக்கணக்கில் ஆகிறது. அந்த மாதங்களில் அவர்களிடம் இருப்பது அச்சமும் கைப்பேசியும்தான். 'முழுமையாகக் குணப்படுத்துகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்கள் அவர்களை அங்கேதான் பிடிக்கிறார்கள். மாதம் ஒரு முறை, பட்டியலில் உள்ள பத்துக் குடும்பங்களைச் சேர்த்து உட்காரவைத்து, கேள்வியைக் குறைப்பது எப்படி, காத்திருப்பது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுக்க முடியாதா? இடம் காலியாகும்வரை குழந்தை வளராமல் காத்திருக்கப்போவதில்லை. அதே சமயம், 'ஐந்து வயதுக்குள் செய்யாவிட்டால் கதவு மூடிவிடும்' என்று சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். சீக்கிரம் தொடங்குவது நல்லது. ஐந்து வயதுக்குப் பிறகும் பிள்ளைகள் கற்கிறார்கள். ஆசிரியன் சொல்கிறேன், நம்புங்கள்.

பேரனுக்கு இப்போது ஆறு வயது. சிறு சிறு தொடர்களாகப் பேசுகிறான். அவசரத்தில் சொல் வராதபோது படப் பலகையைத் தேடி எடுத்துக் காட்டுகிறான். இது எதனால் வந்தது, மையத்தாலா, மூடியாலா, வளர்ச்சியாலா என்று பிரித்துக் காட்ட என்னால் முடியாது. உங்களாலும் முடியாது.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்து உங்களிடம் வரும் குடும்பத்துக்கு முதல் நாளே கதவைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் முடியாவிட்டால் வாரத்துக்கு ஒரு முறை. அழைத்துவருபவர் தாயோ தந்தையோதான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என்னைப் போன்ற கிழவர்களும் வருவோம். தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, வெளியே கிடக்கும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து உள்ளே போடுங்கள். தரையில் உட்கார எனக்கு ஆசைதான். முழங்கால் விடாது.

இப்படிக்கு,
ஒரு தாத்தா